ஏழு நிமிடம் முந்திய ஆலை

ஆலையின் பெயரையும் சம்பவத்தின் தேதியையும் எழுத வேண்டாம் என்று மேனேஜர் கேட்டுக்கொண்டார். பெயரை விடுவதில் எனக்குக் கஷ்டமில்லை. தேதியை விடுவதுதான் பல்லைப் பிடுங்குவது போல இருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த காலத்திலிருந்து, என்ன நடந்தாலும் மணி நிமிடத்தோடு டைரியில் எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. எங்கள் பங்குக் கோயில் மணி எத்தனை நொடி தாமதமாக அடிக்கிறது என்பதற்கே தனிப் பக்கம் வைத்திருக்கிறேன். பங்குத்தந்தை இப்போதெல்லாம் என்னைப் பார்த்தால் வேறு வாசல் வழியாகப் போகிறார். ஆகவே தேதி இல்லாமல், கிழமையும் நேரமும் மட்டும் போட்டு எழுதுகிறேன்.

ஓய்வுக்குப் பிறகு நான் செய்யும் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஆலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் டைம் சர்வர் என்று ஒரு பெட்டி இருக்கும். மொட்டை மாடியில் வெள்ளைக் காளான் மாதிரி ஓர் ஆன்டெனா. அது ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிடம் நேரத்தைக் கேட்டு வாங்கிக் கீழே பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை நெட்வொர்க் வழியாக எல்லா இயந்திரங்களுக்கும் கொடுக்கும். இந்தப் பெட்டிகளில் பழசானவற்றைப் பழுது பார்த்து, உள்ளே புது ரிசீவர் வைத்துக் கொடுப்பது என் வேலை. சேலம் அஸ்தம்பட்டியில், வீட்டின் முன்னறைதான் பட்டறை.

1. திங்கள், காலை 6.11

போன் அடித்தது. ராசிபுரம் பக்கத்து நூற்பாலை ஒன்றின் மேனேஜர் செந்தில்குமார். கோயமுத்தூர்க்காரர், ஆலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது.

“ஸ்டெல்லா மேடம், எங்க அட்டென்டன்ஸ் மெஷின் ஒருத்தரையும் உள்ள விடமாட்டேங்குதுங்க. மணி ஆறு பதினெட்டு ஆச்சு. முந்நூறு பேர் கேட்டுல நிக்கறாங்க.”

என் கடிகாரத்தில் 6.11. பதற்றத்தில் கூட்டிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் “6.18 – அவர் சொன்னது” என்று டைரியில் குறித்தேன். எல்லாவற்றையும் குறிப்பவள் நான். குறித்தவற்றைச் சேர்த்துப் பார்ப்பது வேறு திறமை என்பது அந்த வாரக் கடைசியில்தான் தெரிந்தது.

“மெஷின் என்ன சொல்லுது?”

“கை வெச்சா, ‘இன்னும் பணியில் சேரவில்லை’ன்னு சொல்லுதுங்க. எனக்கும் அதேதான் சொல்லுச்சு.”

ஸ்கூட்டரில் கிளம்பி ஏழரைக்கு ஆலைக்குப் போய்ச் சேர்ந்தேன். கேட்டுக்கு வெளியே சந்தை மாதிரி கூட்டம். அட்டென்டன்ஸ் மெஷின் மூன்று பேரை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தது: கேன்டீன் சமையல்காரர், வாட்ச்மேன் செல்லமுத்து, நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பகுதியில் வேலை செய்யும் ருக்குமணி. முந்நூறு பேர் ஓட்ட வேண்டிய ஆலைக்குள் இவர்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள்.

பெட்டியின் முகப்பைப் பார்த்தேன். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கிழமை திங்கள். ஆண்டுதான் பத்தொன்பது வருடம் ஏழரை மாதம் பின்னால் போயிருந்தது. விரலால் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. சரியாக 7168 நாள்.

இதை ஒரு தடவை விளக்கிவிடுகிறேன். செயற்கைக்கோள் ஆண்டு, மாதம் எல்லாம் அனுப்பாது. இது எத்தனையாவது வாரம் என்று ஒரு எண்ணை மட்டும் அனுப்பும். அந்த எண் 1023 வரை போய், லாரி மீட்டர் சுற்றி வருவது போலத் திரும்பப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். இது எத்தனையாவது சுற்று என்பதை ரிசீவர்தான் ஊகித்துக்கொள்ள வேண்டும். அந்த ஊகத்தை ரிசீவர் தயாரிக்கும்போதே உள்ளே எழுதி அனுப்புவார்கள். அதற்கும் 1024 வாரம்தான் ஆயுள். இந்தப் பெட்டிக்கு அது முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை காலை 5 மணி 29 நிமிடம் 42 நொடிக்கு முடிந்திருக்கிறது. ஞாயிறு ஆலைக்கு விடுமுறை, யாரும் பார்க்கவில்லை. முழு வாரங்களாகப் பின்னால் போவதால் கிழமை மாறாது. கிழமை சரியாக இருந்தால் மனிதர்கள் ஆண்டைக் கவனிப்பதில்லை. மெஷின்தான் கவனித்தது. அதன் கணக்கில் அந்த முந்நூறு பேரும் இனிமேல்தான் வேலைக்குச் சேரப் போகிறார்கள். இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த மூவர் மட்டும் அதற்கு முறையான ஆட்கள்.

ருக்குமணியிடம் இதைச் சொன்னபோது இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். “அப்ப நான் இப்பத்தான் கல்யாணமாயி வந்த புதுசுங்களா? ஏனுங் மேடம், அந்த மெஷின் மின்னாடி கொஞ்ச நேரம் நின்னா முடியும் கருப்பாயிருமா?”

“வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து நிப்போம்” என்றேன்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. “அது கெடக்கட்டுங்க. லேட்டா ஆரம்பிச்சதுக்காக லேட்டா உடுவாங்களா? ரெண்டு மணிக்குச் சங்கு ஊதீருமில்ல?”

ஏன் கேட்கிறார் என்று விசாரித்தேன். அவருடைய மகள் ஜோதி ராசிபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று மாத ட்ரையலில் இருக்கிறாள். மூன்று மணிக்கு டூட்டி. அவளுக்கு ஒன்றரை வயதில் ஆண் குழந்தை. ருக்குமணியின் கணவர் குமாரபாளையத்தில் விசைத்தறியில், வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மருமகன் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில். குழந்தையைப் பார்க்க இவரை விட்டால் ஆளில்லை. ஆலை வாசலுக்கு இரண்டு ஐந்துக்கு ஒரு டவுன் பஸ் வரும். அதில் ஏறி ருக்குமணி தன் ஊர் நிறுத்தத்தில் இறங்க வேண்டும். அங்கே ஜோதி குழந்தையோடு நிற்பாள். அம்மா இறங்குவார், குழந்தை கை மாறும், மகள் அதே பஸ்ஸில் ஏறி ராசிபுரம் போவாள்.

“போன மாசம் ஒருநா பஸ்ஸு ரிப்பேருங்க. லேட்டாயிருச்சு. இன்னொருக்கா லேட்டுன்னா வேண்டாம்னு எழுதியே குடுத்துட்டாங்க. ட்ரையல் முடிய இன்னும் பதினாறு நாள் கெடக்குது.”

இதையும் டைரியில் எழுதினேன். “பஸ் 2.05. பதினாறு நாள்.” கீழே ஒரு கோடு கூட அடித்தேன்.

பெட்டியைக் கழற்றினேன். வருகைக்கு நோட்டும் பேனாவும் வந்தன. அட்டென்டன்ஸ் மெஷினுக்கு டைம் ஆபீஸில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கையால் நேரம் வைத்தார்கள். நான் அப்போது கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன், அந்தச் சுவர்க் கடிகாரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியின் நேரத்துக்குத் தானாக ஊதும் ஆலைச் சங்கையும் மூன்று நாளைக்கு அந்தக் கடிகாரத்தைப் பார்த்தே செல்லமுத்து கையால் ஊதுவது என்று ஏற்பாடு. அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

2. செவ்வாயும் புதனும்

மேஜையில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே பஞ்சு. ஒரு சின்னத் தலையணைக்குப் போதும். மின்விசிறி நின்று எத்தனை காலமோ. பவர் சப்ளையில் நான்கு கெப்பாசிட்டர்கள் பூரி மாதிரி உப்பியிருந்தன. ஆனால் நடுவில் இருந்த ஓசிலேட்டர், அதாவது செயற்கைக்கோள் கிடைக்காதபோது தானே நேரத்தைப் பிடித்து வைத்திருக்கும் அந்தச் சின்ன உலோக டப்பா, இன்னும் அருமையாக வேலை செய்தது. நல்ல ஓசிலேட்டரைப் பார்த்தால் எனக்கு நல்ல தவில் கேட்ட மாதிரி இருக்கும்.

கெப்பாசிட்டர்களை மாற்றினேன். பழைய ரிசீவரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். பழையது ஐந்து வோல்ட், புதியது மூன்று புள்ளி மூன்று. நடுவில் ஒரு கன்வெர்ட்டர். இரண்டும் பேசும் பாஷையும் வேறு. ஆகவே புதியது சொல்வதைப் பழைய பாஷைக்கு மாற்றிச் சொல்ல, தீப்பெட்டி அளவு போர்டு ஒன்றில் புரோகிராம் எழுதி உள்ளே ஒட்டினேன். பாவம், பெட்டிக்கு உள்ளே ஆள் மாறியதே தெரியாது. புதன் மாலை 5.20க்கு நொடிக்கு ஒரு தடவை பச்சை விளக்கு சிமிட்டியது. ஆண்டு, மாதம், நாள், எல்லாம் சரி.

அப்புறம்தான் செட்டிங்ஸைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். உலகப் பொது நேரத்தோடு நம் இந்திய நேரத்துக்குக் கூட்ட வேண்டியது ஐந்து மணி முப்பது நிமிடம். இந்தப் பெட்டியில் 5.37 என்று போட்டிருந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஏழு நிமிடம்! வருடக்கணக்காக! நொடியைக் கோடி பங்காகப் பிரித்து அளக்கும் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கி, அதில் ஏழு நிமிடத்தைக் கலப்படம் செய்து விநியோகித்திருக்கிறார்கள். எவனோ அரைகுறை டெக்னீஷியன், பூஜ்யம் அடிக்கப் போய் ஏழை அடித்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். கீபோர்டின் எண் பகுதியில் ஏழு மேல் மூலையில் இருக்கிறது, பூஜ்யம் அடியில் இருக்கிறது. கை தவறுகிற தூரமா அது? அதை நான் யோசிக்கவில்லை. 5.30 என்று திருத்தினேன். சேவ் செய்தேன். “பழைய பிழை ஒன்றும் களையப்பட்டது” என்று டைரியில் எழுதினேன். ‘களையப்பட்டது’ என்ற சொல்லை நான் அடிக்கடி பயன்படுத்துவதில்லை. அன்றைக்கு அவ்வளவு திருப்தி.

3. வியாழன், காலை 11.40

பெட்டியை ரேக்கில் மாட்டி ஆன்டெனா கேபிளைச் செருகினேன். செயற்கைக்கோள் எண்ணிக்கை: பூஜ்யம். ஐந்து நிமிடம் பொறுத்தேன். பூஜ்யம். வீட்டு மாடியில் ஒன்பது செயற்கைக்கோள் பிடித்த ரிசீவர் இது.

மொட்டை மாடிக்கு ஏறினேன். ஆன்டெனாவைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு அலுமினிய அண்டா கவிழ்த்து வைத்திருந்தது. மேலே காற்றுக்குப் பறக்காமல் இரண்டு செங்கல்.

செல்லமுத்துவைக் கூப்பிட்டேன். “இது யார் வெச்சது?”

“நாந்தானுங்க. மெசினு ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு, இது மட்டும் தனியா மழையில நனையுதேன்னு கேன்டீன்ல கேட்டு வாங்கியாந்து மூடி வெச்சேன்.”

“அண்ணா, அது மழையிலயும் வெயில்லயும் நிக்கறதுக்குன்னே செஞ்சது. மூடினா வானம் தெரியாது.”

“அதுக்கு வானம் தெரியோணுமா?” என்று ஆச்சரியப்பட்டவர், அண்டாவைத் தூக்கினார். ஆன்டெனாவை ஒரு தடவை துண்டால் துடைத்தும் விட்டார். “அப்ப நல்லாப் பாத்துக்கோ சாமி.”

12.25க்கு எட்டு செயற்கைக்கோள். 12.31க்கு ஆலை முழுக்க இருந்த டிஜிட்டல் கடிகாரங்கள் ஒரே நேரத்தில் ஏழு நிமிடம் பின்னால் குதித்தன. பஞ்சுக் கூடத்தில் ஒரு சலசலப்பு எழுந்ததாக அப்புறம் கேள்விப்பட்டேன். “புது மெசினு, அப்பிடித்தான் இருக்கும், வேலையப் பாருங்க” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

மேனேஜரிடம் போய், “சார், உங்க ஆலை இத்தனை வருஷமா ஏழு நிமிஷம் முன்னால ஓடிட்டு இருந்திருக்கு. அதையும் சரி பண்ணிட்டேன்” என்றேன்.

“அப்படிங்களா? அதான் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் ஷெட்டுல இருக்கற கடிகாரத்துக்கும் ஒத்தே போகலையா! ரொம்ப நல்லதுங்க மேடம்” என்றார். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இன்டர்நெட்டிலிருந்து நேரம் எடுத்துக்கொண்டிருந்தன. “அடுத்த மாசம் ஆபீசையும் உங்க பெட்டியோட சேர்த்துடலாம்.”

இருவரும் கைகுலுக்காத குறை.

4. வியாழன், மதியம் 2.00.00

என் வேலைக்குச் சாட்சியாக இருக்க வேண்டும் என்று ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். கையில் கடிகாரம். 1.53க்கு டீக்கடைக்காரர் வடைத் தட்டை வெளியே கொண்டுவந்து வைத்து, ஆலைப் பக்கம் காதைத் திருப்பினார். கொஞ்சம் பொறுத்துத் தட்டை மறுபடி உள்ளே கொண்டுபோனார். அவரைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு மணி, பூஜ்யம் நிமிடம், பூஜ்யம் நொடி. சங்கு ஊதியது. எனக்குப் புல்லரித்தது.

2.05க்கு டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியிலிருந்து எட்டி கேட்டைப் பார்த்தார். ஒரு ஆள் இல்லை.

“ஏனுங், மில்லு லீவா இன்னைக்கு?”

“லீவு இல்லைங்க. இன்னைக்குத்தான் ரெண்டு மணி ரெண்டு மணிக்கே அடிச்சிருக்கு” என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நல்லா அடிச்சுது போங்க” என்று விசில் கொடுத்தார். காலி பஸ் போய்விட்டது. மணி 2.06.

2.09க்கு ருக்குமணி ஓடிவந்தார். தலையெல்லாம் பஞ்சு. பின்னால் ஐம்பது, அறுபது பெண்கள். பஸ் போன திசையில் புழுதி கூட அடங்கிவிட்டிருந்தது.

“போயிருச்சா? பஸ்ஸு போயிருச்சா?”

அப்போதுதான் என் டைரியின் எல்லா வரிகளும் ஒன்றாக எழுந்து நின்றன. ஆறு பதினெட்டு. இரண்டு ஐந்து. ஐந்து முப்பத்தேழு. வடைத் தட்டு. சங்கு ஊதியதும் யாரும் பறந்து வெளியே வர முடியாது. ஃபிரேமை அடுத்த ஷிப்டிடம் ஒப்படைத்து, பஞ்சு தட்டி, மெஷினில் கைவைத்து, பை சோதனை முடிந்து வெளியே வரப் பத்து நிமிடம் ஆகும். 1.53க்கு ஊதினால்தான் 2.05 பஸ். அடுத்த பஸ் மூன்றரைக்கு.

“யாரு சங்க மாத்துனது?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

“நான்தான்” என்றேன். “ருக்குமணி, வண்டியில ஏறுங்க.”

எனக்கு வயது அறுபதுக்கு மேல். ஸ்கூட்டரை நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அன்றைக்கு முள் எங்கே நின்றது என்று மட்டும் டைரியில் எழுதவில்லை. பின்னால் ருக்குமணி ஒரு கையில் டிபன் பாக்ஸ், ஒரு கையில் என் தோள்.

“மெயின் ரோட்ல போவாதீங்க மேடம்! பஸ்ஸு காலனிக்குள்ள போயிச் சுத்திட்டுத்தான் வரும். ஏரிக்கரையில உடுங்க!”

ஏரிக்கரை மண் பாதையில் விட்டேன். பாதி தூரத்தில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு போனது. ஹாரன் அடித்தேன். டிரைவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏய், ஒத்து!” என்று ருக்குமணி கத்தினார். இருபது வருடம் ரிங் ஃபிரேம் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். டிராக்டர் தானாகவே ஒதுங்கிக்கொண்டது.

நிறுத்தம் கண்ணில் பட்டபோது பஸ் அங்கே நின்றுகொண்டிருந்தது. ஜோதி ஒரு கால் படியில், ஒரு கால் தரையில். இடுப்பில் குழந்தை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்திருந்தார், ஊதவில்லை. உள்ளே யாரோ “போலாம் போலாம்” என்று கத்திக்கொண்டிருந்தார்.

“வாங்க, வாங்க! ரெண்டு நிமிசமா விசில மென்னுட்டு நிக்கறேன்” என்றார் கண்டக்டர். “டிரைவர் என்னையக் கீழ எறக்கி உடறேங்கறாரு.”

ருக்குமணி இறங்குவதற்குள் ஜோதி குழந்தையை முதலில் எட்டிய கையில் கொடுத்துவிட்டாள். அது என் கை. குழந்தை என் முகத்தைப் பார்த்தது, ஹெல்மெட்டைப் பார்த்தது, ஊரே கேட்கும்படி அழ ஆரம்பித்தது.

“அம்மா, இவிங்க யாரு?” என்று ஜோதி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

“சங்க மாத்துன மேடம்!” என்று ருக்குமணி கத்திச் சொன்னார்.

பஸ் கிளம்பியது. 2.24.

5. அந்த ஏழு யாருடையது

மரத்தடியில் நின்று மூச்சு வாங்கினோம். குழந்தை பாட்டியின் தோளில் சாய்ந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தது.

“ருக்குமணி, அந்த ஏழு நிமிஷத்தை யார் வெச்சது?”

“நாந்தானுங்க.”

பழைய மேனேஜர் காலத்தில், ஒரு தடவை பஸ் நேரத்தை இரண்டேகாலிலிருந்து இரண்டு ஐந்துக்கு மாற்றினார்களாம். டிப்போவுக்கு மனுக் கொடுத்தார்கள், நடக்கவில்லை. ஷிப்ட் நேரத்தை மாற்ற முதலாளிக்கு மனமில்லை. அப்போது ருக்குமணி கணவரின் கைக்கடிகாரத்தை வாங்கி ஒரு வாரம் கட்டிக்கொண்டு போனார். தன் ஃபிரேமிலிருந்து கேட் வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, பை சோதனையில் கூட்டம் இருந்தால் எவ்வளவு, மழை வந்தால் எவ்வளவு என்று தினமும் பார்த்தார்.

“அஞ்சு வெச்சாப் பத்தலீங்க. பத்து வெச்சா எச்சு, காலைல வார பஸ்ஸு அதுக்குள்ள வராது. ஏழுன்னு மேனேஜர்கிட்டச் சொன்னேன். பெட்டி பாக்க வந்த பையன்கிட்ட அவர் சொல்லி வெச்சாரு. அன்னையிலிருந்து மில்லு மணின்னா அதான். டீக்கடையும் அதான், ஸ்கூல் ஆயாவும் அதான்.”

நான் அரைகுறை டெக்னீஷியன் என்று திட்டியது, ஒரு வாரம் அளந்து, மூன்று விடைகளைச் சோதித்து, ஒன்றைத் தேர்ந்த ஒருவரை. என் டைரியில் கூட ஒரே விஷயத்தை ஏழு நாள் அளந்த பக்கம் கோயில் மணிக்கு மட்டும்தான் இருக்கிறது.

ஆலைக்குத் திரும்பி ஸ்கூட்டரை ஓட்டும்போது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கடிகாரங்களின் சரித்திரத்தைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன், பெருமைக்குச் சொல்லவில்லை. நம் இந்திய நேரம் எண்பத்திரண்டரை டிகிரி தீர்க்கரேகையில் சூரியன் உச்சிக்கு வருவதை வைத்துக் கணக்கிட்டது. ராசிபுரத்துக்குச் சூரியன் வந்து சேர அதற்கு மேல் பதினேழு நிமிடம் ஆகும். அதாவது நாங்கள் எல்லோரும் ஏற்கெனவே பதினேழு நிமிடம் முந்தித்தான் வாழ்கிறோம். ரயில் ஓட வேண்டும் என்பதற்காக நாடு முழுக்கச் சேர்ந்து ஒப்புக்கொண்ட பதினேழு நிமிடம். டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஒரு ஆலை ஒப்புக்கொண்டது இன்னொரு ஏழு. முதலாவதைச் சட்டம் என்றும் இரண்டாவதைப் பிழை என்றும் நான் எப்படிப் பிரித்தேன்?

மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்தார். “பழையபடி 5.37ன்னே போட்டுடுங்க மேடம். மறந்துடுவோம்.”

“போட்டா அடுத்த மாசம் ஆபீஸ் கம்ப்யூட்டர் எல்லாம் ஏழு நிமிஷம் முன்னால போகும். பில் போடற கவர்மென்ட் வெப்சைட் உங்களை உள்ள விடாது. இந்தத் தடவை ‘இந்த நேரம் இன்னும் வரவில்லை’ன்னு உங்ககிட்டச் சொல்லும்.”

“அப்ப என்னதாங்க பண்றது?”

“பெட்டி சரியான நேரமே சொல்லட்டும். சங்கு ஊதற நேரத்தையும் ஷிப்ட் நேரத்தையும் மாத்துங்க. 5.53, 1.53, 9.53.”

“ஒண்ணு ஐம்பத்து மூணா! நோட்டீஸ் போர்டுல எழுதினா ரயில்வே டைம் டேபிள் மாதிரி இருக்குமேங்க. ஷெட்டுல சிரிப்பாங்களே.”

“ஷெட்டுல யாரும் சிரிக்க மாட்டாங்க சார். ஆபீஸ்லதான் சிரிப்பாங்க.”

சந்தேகம் தீராமல் ருக்குமணிக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பின்னணியில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“போர்டுல நீங்க என்ன வேணா எழுதிக்குங்க சார்” என்றார் ருக்குமணி. “நாங்க ரெண்டு மணின்னுதான் சொல்லுவோம். சங்கு மட்டும் பழையபடி ஊதோணும். நாளைக்கே ஊதோணும். நாளைக்கு வாரதுக்கு மேடத்தோட வண்டியும் இல்ல, எனக்கு அந்தத் தெம்பும் இல்ல.”

மேனேஜர் சிரித்துவிட்டார். முதலாளியிடம் பேசி, ஆறு மணிக்குள் நோட்டீஸ் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

6. வெள்ளி, 1.53.00

மறுநாள் நான் போக வேண்டிய அவசியமே இல்லை. போனேன். அதே டீக்கடை, அதே பெஞ்சு.

1.53க்கு வடைத் தட்டு வெளியே வந்தது. சங்கு ஊதியது. 2.03க்கு ருக்குமணி கேட்டுக்கு வெளியே வந்தார், ஓடவில்லை. 2.05க்கு பஸ். கண்டக்டர் என்னைப் பார்த்து, “என்னங்க மேடம், இன்னைக்கு ரெண்டு மணி எத்தனை மணிக்கு அடிச்சுது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் விசில் கொடுத்தார்.

உள்ளே போய்ப் பெட்டியின் மூடியில் ஒரு லேபிள் ஒட்டினேன். நான் செய்த வேலைகளில் அச்சடித்துக் காட்டக்கூடியது அதுதான்:

“இந்தப் பெட்டி சரியான நேரம் சொல்லும். சங்கு ஏழு நிமிடம் முன்னால் ஊதும். இரண்டும் சரி. எதையாவது மாற்றுவதற்கு முன் ருக்குமணியைக் கேட்கவும் (ரிங் ஃபிரேம், முதல் ஷிப்ட்).”

கீழே அவர் சம்மதத்தோடு அவருடைய போன் நம்பரையும் எழுதினேன்.

7. பிறகு

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் இப்போது சொல்வது கெப்பாசிட்டரையும் வோல்டேஜையும் பற்றி மட்டுமல்ல. ரிசீவர் மாற்றும் முன் பழைய செட்டிங்ஸை எழுதி வை. ஒரு எண் விசித்திரமாக இருந்தால் அதன் பக்கத்தில் கேள்விக்குறி போடு, கோடு அடிக்காதே. பிறகு அந்த எண்ணோடு தினமும் வாழ்கிறவர் யாரென்று தேடிப் போய்க் கேள். பெரும்பாலும் அவர் சர்வர் ரூமில் இருக்க மாட்டார்.

ஐந்து மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை மதியம் 2.21க்கு ருக்குமணி போன் செய்தார். ஜோதிக்கு வேலை நிரந்தரமானதை ஏற்கெனவே சொல்லியிருந்தார், ஆகவே எனக்குக் கொஞ்சம் பயம்.

“ஒண்ணுமில்லீங்கக்கா. சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணுச்சு. ஷிப்ட் சாஃப்ட்வேர் மாத்தறாங்களாமா. 1.53ங்கறது ஏதோ தப்பு மாதிரி இருக்குது, ரெண்டுன்னு போட்டுக்கட்டுங்களான்னு என்னையக் கேக்குது.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“அதப் போடறதுக்கு மின்னாடி ஒரு வாரம் இங்க வந்து நின்னு பாரு சாமி, சோறு நான் போடறேன்னு சொன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“வேண்டாங்க, அப்பிடியே இருக்கட்டும்னு வெச்சுருச்சு.”

பின்னணியில் பஸ் ஹாரன் கேட்டது, அப்புறம் குழந்தையின் சிரிப்பு. 2.22 என்று எழுதிக்கொண்டேன்.